அடியில் முட்டிய மரை

பழைய நாளிதழில் சுற்றி, இரண்டு ரப்பர் வளையம் போட்டு, சாப்பாட்டுக் கடைப் பாய் நான் செய்து கொடுத்த கத்தியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் கோபம் இல்லை. “கத்தி நல்லா வெட்டுது தம்பி. கைப்பிடிதான் பேசுது,” என்றார். அவ்வளவுதான். யாரோ கோழி கேட்டுக் கூப்பிட, உள்ளே போய்விட்டார். கடை வாசலிலேயே பிரித்துப் பிடியை அழுத்திப் பார்த்தேன். பேசத்தான் செய்தது. கட்டைவிரலால் ஒரு பக்கத்தை அமுக்கினால் ‘க்ரிச்’ என்று ஒரு சத்தம், விட்டால் இன்னொன்று. இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தது. மோந்து பார்த்தேன். நான்கு மாத வெங்காயம்.

ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் கடை, அதாவது சோறும் குழம்பும் போடும் கடை என்றால் கத்திக்கு என்ன பாடு என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். காலையிலிருந்து வெங்காயம், வெண்டைக்காய், கோழி, மறுபடி வெங்காயம். கழுவுவது ஒரு நாளைக்கு முப்பது தடவை. நடுவில் அடுப்புச் சூடு, எண்ணெய்க் கை, ஈரத் துணி. அந்தக் கடைக்குத்தான் நான் மார்தட்டிக்கொண்டு ஒரு கத்தி செய்து கொடுத்திருந்தேன். காசு வாங்கவில்லை. சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிடப் போன கடை, அந்தக் கடன் ஒன்று இருக்கிறதே. இலவசமாகக் கொடுத்த பொருள் கெட்டுப்போனால் வாங்கியவர் திட்டக்கூட மாட்டார். அதுதான் கொடுமை. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கத்தியைப் போட்டுக்கொண்டு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ஃபெரி ஏறினேன். மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, காரணமில்லாமல் ஆயுதத்தோடு பொது இடத்தில் திரிந்தால் வம்பு. போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது? “கைப்பிடி பேசுதுங்க சார்” என்றா?

நான் கத்தி செய்து பிழைப்பவன் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. சனி, ஞாயிறுகளில் வீட்டுக் கார் போர்ச்சில் ஒரு சின்ன பெல்ட் கிரைண்டரும் ஒரு ட்ரில் மெஷினும் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கிறேன். பகலெல்லாம் போல்ட்டும் நட்டுமாகப் புழங்குகிறவன் செய்த கத்தியில் போல்ட்டே ஏமாற்றியது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் அது போல்ட்டின் குற்றம் என்று எனக்குத் தெரிய இரண்டு வாரம் ஆனது.

ஒரு ராத்திரி வேலை

எனக்கு முதலில் பழக்கமான கைப்பிடி அப்பாவின் பாராங் என்கிற வெட்டுக்கத்தியுடையது. தோட்டத்தில் இருந்த வீடுகளில் எல்லாம் அதுதான். கத்தியின் வால் ஒல்லியாக நீண்டு மரப்பிடிக்குள் போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே பிடித்துக்கொள்வது எம்பலாவ் என்கிற அரக்கு. பிடி ஆடினால் அப்பா வாலைச் சூடு காட்டுவார், அரக்கு இளகும், மறுபடி செருகிப் பிடியின் அடியைக் கல்லில் இரண்டு தட்டு தட்டுவார். முடிந்தது. கழற்றலாம், மாட்டலாம், பிடி உடைந்தால் வேறு செதுக்கலாம். ஆணியும் இல்லை, மரையும் இல்லை.

நான் செய்வது வேறு ஜாதி. இதில் வால், பிடியின் அதே உருவத்தில் அதே நீளத்துக்கு ஒரு பட்டையாக இருக்கும். அதன் இரண்டு பக்கமும் இரண்டு மரக்கட்டைகளை ஒட்டி, ஊடே போல்ட் போட்டு இறுக்குவது. வீட்டுச் சமையல் கத்திகளில் பார்த்திருப்பீர்கள், பிடியில் மூன்று பித்தளைப் பொட்டு தெரியுமே, அந்த அமைப்பு. தொழிற்சாலைக் கத்திகளில் அது பெரும்பாலும் ரிவெட். கையால் செய்கிறவர்கள் பலர் விரும்புவது கார்பி போல்ட். அது இரண்டு துண்டு: ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டுக்கும் தடித்த தலை, ஒல்லியான உடம்பு. ஆணின் உடம்பில் மரை வெளியே, பெண்ணின் உடம்பில் மரை உள்ளே. இரு பக்கத்திலிருந்தும் செருகி, தலையில் உள்ள வெட்டில் ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகினால் இரண்டு தலையும் ஒன்றையொன்று நோக்கி வரும். நடுவில் மாட்டிய மரமும் இரும்பும் நெருங்கும்.

தலை உட்கார மரத்தில் படிக்குழி வேண்டும். வெளிப்பக்கத்திலிருந்து பாதி ஆழம் வரை பெரிய துளை, அதன் நடுவிலிருந்து சின்னத் துளை. அந்தப் படியின் மேல்தான் தலையின் தோள் உட்கார்ந்து அழுத்தும். வாலில் போட வேண்டிய துளையை இரும்பைக் கடினப்படுத்துவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், அப்புறம் சாதாரண ட்ரில் பிட் அதில் வழுக்கிக்கொண்டு நிற்கும். எபாக்ஸி என்கிற பசையைப் பூசி, எல்லாவற்றையும் மாட்டித் திருகி, ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் பிடியை உருவத்துக்குத் தேய்க்கும்போது போல்ட் தலையும் சேர்ந்து தேய்ந்து மரத்தோடு மட்டமாகிவிடும்.

நன்றாகக் கவனியுங்கள், தலை தேயும்போது ஸ்க்ரூ டிரைவர் வைக்கிற வெட்டும் தேய்ந்து போய்விடும். மிஞ்சுவது ஒரு பளபளப்பான வட்டம். இனி அதை யாரும் கழற்ற முடியாது. எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே உறுத்தல். மரை என்பதே கழற்றுவதற்காக அல்லவா? கழற்ற வேண்டாம் என்றால் ஆணி அடிக்கலாம், பற்றவைக்கலாம். என் வேலையில் ஒரு போல்ட்டின் தலை சிதைந்தால் அது விபத்து, அதற்கு ரிப்போர்ட் எழுத வேண்டும். இங்கே கைவினைஞர்கள் வேண்டுமென்றே தலையைத் தேய்த்து அழித்துவிட்டு அழகு என்கிறார்கள். அப்படியானால் அந்த மரைக்கு என்ன வேலை? கொஞ்ச நாள் யோசித்து, எனக்கு நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன்: மரைக்கு ஒரு ராத்திரி வேலை. எபாக்ஸி காய்கிற அந்த ஒரு ராத்திரி கட்டைகளை இரும்போடு சேர்த்துப் பிடித்திருந்தால் போதும். அதற்குப் பிறகு பாரத்தைப் பசையும் அந்தத் தோளும் பகிர்ந்துகொள்ளும். இந்த பதில் சரிதான், இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஒரு ராத்திரி வேலையை மரை செய்ததா என்று நான் கேட்டுப் பார்க்கவே இல்லை.

மரத்தின் மேல் போட்ட பழி

வீட்டுக்கு வந்ததும் நான் சந்தேகப்பட்ட முதல் ஆள் மரம். பிடிக்குப் போட்டிருந்தது மெர்பாவ். தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு வீட்டில் மாடிப்படி மாற்றியபோது கிடைத்த துண்டு, நல்ல கனம், நல்ல சிவப்பு. மெர்பாவில் ஒரு குணம் உண்டு, நனைந்தால் பழுப்புச் சாயம் விடும். புது மெர்பாவ் தரை மழையில் நனைந்து சுவரெல்லாம் டீ ஊற்றிய மாதிரி ஆன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பாய் கடைத் துணியும் பழுப்பாகத்தான் இருந்தது. ‘சரி, மரம் தண்ணீர் குடித்து ஊதி, பசையைப் பிய்த்துவிட்டது’ என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இரண்டாவது குற்றவாளி நம் ஊர்க் காற்று. கடலோரம், வருஷம் முழுக்க ஈரம். நான் கட்டையைப் பல மாதம் ஏர்கண்டிஷன் போட்ட அறையில் வைத்திருந்தேன். அங்கே காய்ந்த மரம் வெளிக்காற்றுக்கு வந்ததும் ஈரம் உறிஞ்சித் தடிக்கும். போல்ட் இறுக்கிய இடத்தில் தடிக்க வழியில்லாமல் நார் நசுங்கும். அப்புறம் அடுப்பருகே காயும்போது சுருங்கும், ஆனால் நசுங்கிய நார் திரும்ப எழாது. விளைவு, போல்ட்டுக்குக் கீழே இடைவெளி. இது கற்பனை இல்லை, மரத்தில் போல்ட் போடுகிற எவரும் அறிந்த விஷயம்தான். மூன்றாவதாக எபாக்ஸி: கலந்த அளவு தப்பா, பழைய டப்பாவா?

இப்படி ஒவ்வொன்றையும் ராத்திரி படுக்கையில் விசாரித்துக்கொண்டிருந்தேன். மனைவி, “அதை அறுத்துப் பாத்துட வேண்டியதுதானே,” என்றாள். அறுக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. பழி போடப் பத்து காரணம் இருக்கும்போது சாட்சியை யார் கூப்பிடுவார்கள்?

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுத்தேன். இரும்பு வெட்டும் கட்டிங் டிஸ்க்கை ஒரு போல்ட்டின் நடுவாகவே விட்டு, பிடியை ஆப்பிளைப் பிளப்பது போலக் குறுக்காகப் பிளந்தேன். மரம், இரும்பு, பித்தளை, பசை எல்லாம் ஒரே வெட்டுமுகத்தில் தெரிந்தது. உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கி, விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மரம் நன்றாகவே இருந்தது. போல்ட்டும் நன்றாக இருந்தது, மரை ஒன்றோடு ஒன்று அழகாகப் பின்னியிருந்தது. ஆனால் தலையின் தோளுக்கும் மரப்படிக்கும் நடுவில் எபாக்ஸி ஒரு கண்ணாடித் தகடு போல நின்றது. இரண்டு பக்கமும். தோள் மரத்தைத் தொடவே இல்லை. அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. ‘எபாக்ஸி அங்கே எப்படிப் போனது?’ என்றுதான் யோசித்தேன்.

“அண்ணே, அடியில முட்டுச்சா?”

அந்தப் பாதிப் பிடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன். கெண்டீனில் தே தாரிக் குடிக்கும்போது எடுத்து மேசையில் வைத்தேன். எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பையன், பாலிடெக்னிக் முடிக்கப் போகிறவன், கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு ரொம்ப சாதாரணமாகக் கேட்டான்: “அண்ணே, அடியில முட்டுச்சா?”

இந்தக் கேள்வி அவனுடையது இல்லை, என்னுடையது. ஒவ்வொரு புதுப் பையனுக்கும் முதல் வாரத்திலேயே நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. ஒரு பக்கம் மூடிய துளையில் நீளமான போல்ட்டைப் போட்டால், தலை உட்காருவதற்கு முன்பே முனை அடியில் போய் முட்டும். ஸ்பேனருக்கு இறுகியது போலவே இருக்கும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் கூட ‘டக்’ என்று சொல்லும். ஆனால் பிடிக்க வேண்டிய தகடு தளர்வாகத்தான் இருக்கும். போல்ட் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு நிற்கும். “கை சொல்றதை நம்பாதே, தகட்டை ஆட்டிப் பார்” என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! பையன் என்னைக் கேலி செய்யவில்லை, படித்ததை ஒப்பித்தான். நான் டீயைக் குடிப்பது போலப் பாவனை செய்தேன்.

கார்பி போல்ட்டின் பெண் துண்டு ஒரு மூடிய துளைதான். தலைப்பக்கம் அடைத்திருக்கும். ஆண் முனை அதன் அடியைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் இரண்டு தலையும் நெருங்காது. கணக்கைக் கெண்டீன் டிஷ்யூவிலேயே போட்டேன். முன்பு செய்த கத்திகளில் கட்டை ஒவ்வொன்றும் 9.5 மில்லிமீட்டர், படிக்குழி 4 ஆழம். அப்போது தோளுக்குக் கீழே மரம் 5.5, வால் 3, மறுபக்கம் 5.5. மொத்தம் 14 மில்லிமீட்டர். போல்ட்டுக்குப் பிரச்சினையே இல்லை. பாய்க்குச் சின்னக் கை, மெலிசாக வேண்டும் என்று கேட்டார், கட்டையை 8 ஆக்கினேன். ட்ரில் மெஷினில் ஆழ அளவு மட்டும் பழைய 4லேயே நின்றது. தோளுக்கும் தோளுக்கும் நடுவே இப்போது 4, 3, 4 ஆக 11. அதே பெட்டியில் மீதமிருந்த போல்ட்டை வெறுமனே முட்டும்வரை திருகி வெர்னியரில் அளந்தேன்: 11.6. மீதி 0.6, பக்கத்துக்கு 0.3. வெட்டுமுகத்தில் பார்த்த எபாக்ஸித் தகட்டின் கனமும் அதுதான்.

மற்றதெல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. ஏர்கண்டிஷன் அறையிலிருந்து வந்த கட்டை லேசாக வளைந்திருந்தது, மெய்தான். சரியாக அழுத்தியிருந்தால் அந்த வளைவு மடங்கியிருக்கும். போல்ட் இறுகியதும் ‘இனி இது எதற்கு’ என்று கட்டைகளைக் கவ்வியிருந்த கிளாம்ப்பைக் கழற்றினேனே, அந்தத் திமிர்தான் வினை. கட்டை மெதுவாகத் தன் பழைய வளைவுக்குத் திரும்பியது, ஓரத்தில் பசை மெலிந்து இழுபட்டுக் காய்ந்தது. நான்கு மாதம் தண்ணீர் அந்த ஓரத்தைத் தேடிக்கொண்டே இருந்து ஒரு நாள் உள்ளே புகுந்துவிட்டது. மரம், காற்று, பசை ஆகிய மூன்று பேருக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் கதவைத் திறந்து வைத்தவன் நான். நம் ஊரில் ஒருவனை ‘மரை கழன்றவன்’ என்பார்கள். மரை கழலாமலே இறுகிப்போய் வேலை செய்யாதவனுக்கும் ஒரு சொல் கண்டுபிடிக்க வேண்டும்.

மறுபடி ஒன்று

இரண்டாவது கத்திக்கு அலகும் புதிது, அறுத்த வாலை இனி ஒட்ட முடியாதே. மரம் கெமுனிங், மஞ்சளாக, நெருக்கமான நாரோடு. மலாய்க்காரர்கள் கத்திப் பிடிக்குத் தலைமுறை தலைமுறையாகப் போடுவது. மெர்பாவைக் கைவிட்டது துணியில் சாயம் ஒட்டுவதால் மட்டும்தான், அதன் மேல் போட்ட வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேன்.

வேறு வகை போல்ட்டுக்கு மாறிவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. 2010இல் இறந்துபோன அமெரிக்கக் கத்திக்காரர் பாப் லவ்லெஸ் பெயரால் ஒன்று உண்டு: ஊடே ஒரு மரைக்கம்பி, இரு பக்கமும் உருண்டையாக இரண்டு நட். கம்பி நட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், அதனால் முட்டுகிற பேச்சே இல்லை. தேய்த்து முடித்தால் பித்தளை வட்டத்துக்கு நடுவே கம்பியின் புள்ளி வேறு நிறத்தில் தெரியும், அதுவும் ஓர் அழகு. ஆனால் தோற்ற இடத்திலேயே நின்று சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். பெட்டியில் பத்து கார்பி மிச்சமிருந்ததும் காரணம்.

ஆண் முனையை அரத்தால் 2 மில்லிமீட்டர் குறைத்தேன். குறைத்தபின் முதல் மரையில் பிசிர் நிற்கும், அதை முக்கோண அரத்தால் எடுக்காவிட்டால் பெண் துண்டின் மரையைக் கடித்துவிடும். அடுத்தது படிக்குழி. இதிலும் ஒரு பழைய தப்பு இருந்தது. ட்ரில் பிட்டின் முனை கூம்பு, அது விட்டுப்போகிற குழியின் அடியும் கூம்பு. தட்டையான தோள் அதன் மேல் உட்கார்ந்தால் ஓரத்தை மட்டும்தான் தொடும், அந்த ஓரம் நசுங்கும். போதாததற்கு என் போல்ட் தலை கால் அங்குலம், அதாவது 6.35. என்னிடம் இருந்த ட்ரில் பிட்டோ 6.5. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் ஒரு மெல்லிய கறுப்பு வளையம் விழுந்ததற்கு அதுதான் காரணம், நான் அதை நிழல் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் வந்தது முதல் அதைச் சுற்றி முளைத்த சின்ன மெஷின் ஷாப்புகளை நம்பிப் போனால் கிடைக்காதது இல்லை. கால் அங்குல எண்ட் மில், அதாவது தட்டை முனை வெட்டுக் கருவி, ஒன்று வாங்கினேன். அடி தட்டை, அளவு கச்சிதம். முதல் குழியில் தலையை இறக்கியபோது காற்றை அழுத்திக்கொண்டு மெதுவாக இறங்கியது. அந்தச் சுகத்தை மெஷின் வேலை செய்கிறவர்கள் அறிவார்கள்.

பிறகு பசை இல்லாமல் ஒரு ஒத்திகை. சிகரெட் தாளைக் கீறி வாலுக்கும் கட்டைக்கும் நடுவே நான்கு இடத்தில் வைத்துப் போல்ட்டை இறுக்கினேன். தாளை இழுத்தால் உருவி வரக் கூடாது, கிழிய வேண்டும். மூன்று கிழிந்தது, ஒன்று உருவி வந்தது. கட்டையின் அந்த மூலையைக் கண்ணாடித் தட்டின் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மட்டமாக்கி மறுபடி வைத்தேன். நான்கும் கிழிந்தது. பையன் அன்று வீட்டுக்கு வந்திருந்தான், கிழிந்த தாளை எடுத்து ஒரு மாதிரியாகச் சிரித்தான்.

ஒட்டுகிற அன்றைக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது: இப்போது நிஜமாகவே இறுகும். ரொம்ப இறுகினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும், நடுவில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் வாலைச் சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, கட்டையின் உட்பக்க நடுவை மெல்லக் குடைந்து, பசைக்கு உட்கார ஓர் இடம் கொடுத்தேன். போல்ட்டை விரல் பலத்தில் முட்டும்வரை, அப்புறம் கால் சுற்று. அவ்வளவே. கிளாம்ப்பை இந்த முறை மறுநாள் சாயங்காலம்வரை எடுக்கவில்லை. தேய்க்கும்போது பித்தளை சுடும், சூட்டில் பக்கத்து மரமும் கருகும், எபாக்ஸியும் இளகும். ஐந்து வினாடி தேய்ப்பு, விரல் வைத்துப் பார், தண்ணீர். இப்படியே இரண்டு ஞாயிறு போனது. கடைசியில் ஆறு வட்டங்களையும் கண்ணாடி மாதிரி மெருகேற்றினேன். வளையம் இல்லை, கோடு இல்லை. வட்டத்தில் என் முகம் தெரிந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் ட்யூப் லைட் தெரிந்தது.

பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் காதருகே வைத்துப் பிடியை இரண்டு அமுக்கு அமுக்கினார். தலையை ஆட்டிவிட்டு, புளியமரக் கட்டையின் மேல் வைத்துவிட்டு, எனக்குச் சோறு போடச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்துப் போனேன். உண்மையில் பிடியில் அந்தக் கறுப்புக் கோடு மறுபடி விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன், சாப்பிட அல்ல. கட்டையின் மேல் கத்தி கிடந்தது. பிடி முழுவதும் மோட்டார் டயரின் பழைய டியூபை வார் வாராகக் கீறி, ஒரு விரல் இடம் விடாமல் இறுக்கிச் சுற்றி, முனையில் கம்பியால் கட்டியிருந்தார்கள். போல்ட்டும் தெரியவில்லை, கெமுனிங்கும் தெரியவில்லை.

“ஏன் பாய் இப்படி?”

“வழுக்குது தம்பி, எண்ணெய்க் கையில்ல,” என்றார். “ரொம்பப் பளபளன்னு செஞ்சுட்டீங்க. என்ன, கோழியா மீனா?”

மீன் என்றேன்.